ஐந்து நட்சத்திரப் பையன்கள், ஏழு தோல்விகள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நாட்டிலேயே சிறந்த பையன்களை வாரிக்கொண்டு வந்த அணிகள்கூட ஏன் இப்படிப் பாதி வழியில் படுத்துவிடுகின்றன என்று. அதற்கு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன, சினிமாவும் அரசியலும் அடுத்த இதழில். புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இது நம் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். பள்ளியில் நன்றாக ஆடும் பையன்களைக் கல்லூரி கோச்சுகள் வீடு தேடிப் போய்ப் பேசி, ஸ்காலர்ஷிப் கொடுத்துத் தங்கள் அணிக்கு இழுத்து வருவார்கள். அதற்குப் பெயர் ரெக்ரூட்டிங். பையன்களுக்குத் திறமையைப் பார்த்து ஐந்து வரை நட்சத்திரம் போடுவார்கள், எந்தக் கல்லூரி எவ்வளவு நல்ல பேட்ச் பிடித்தது என்று வருஷா வருஷம் தரவரிசையும் உண்டு.

கே: என் மகன் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தான். 2022-ல் நாட்டிலேயே முதலிடம் எங்கள் பேட்ச்தான் என்று அவனும் ரூம் பையன்களும் குதித்தார்கள். அந்த வருஷமே 12 ஆட்டத்தில் 7 தோல்வி. இது எப்படி? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

ப: 2022 பிப்ரவரிக்குள் கையெழுத்துப் போட்ட பையன் அதே வருஷம் செப்டம்பரில் யார்? 18 வயசு, ஹாஸ்டல் சாப்பாடே இன்னும் ஒத்துக்கொள்ளாத முதலாண்டு மாணவன். அவனுக்கு எதிரே நிற்பவன் நாலாம் வருஷமோ ஐந்தாம் வருஷமோ படிக்கிற, 22, 23 வயசு ஆள். ஆக, அந்த பேட்ச் ஜெயிக்க வேண்டிய வருஷம் 2022 இல்லை, 2024. இதை டிவிக்காரர்கள் சொல்வதில்லை, நன்கொடை கொடுக்கிற பழைய மாணவர்களும் கேட்பதாக இல்லை.

ஆனால் இது பாதி பதில்தான், ஏனென்றால் அந்த அணியில் முதலாண்டுப் பையன்கள் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய பேட்ச்சுகளும் நல்லவைதான், பருவம் தொடங்கும்போது தரவரிசையில் 6-வது இடம். செப்டம்பர் 10 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு லட்சம் பேர் உட்காரும் கைல் ஃபீல்டு மைதானத்துக்கு வட கரோலினாவின் மலையூரான பூனிலிருந்து அப்பலாச்சியன் ஸ்டேட் வந்தது. இந்த மாதிரி சின்ன அணியை வரவழைக்கப் பெரிய கல்லூரிகள் பணம் கொடுக்கும், இந்த ஆட்டத்துக்கு 15 லட்சம் டாலர், வந்து தோற்றுவிட்டுப் போவதுதான் எழுதாத ஒப்பந்தம். அவர்கள் 17-14 என்று ஜெயித்து, பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஸ்கோரை அல்ல. ஒரு வாரம் முன்பு இதே அப்பலாச்சியன் ஸ்டேட் வட கரோலினாவுக்கு எதிராக 61 புள்ளி எடுத்திருந்தது (எடுத்தும் 63-61 என்று தோற்றது, அது தனிக் கூத்து). அப்படிப்பட்டவர்களை ஏ அண்ட் எம்மின் தடுப்பாட்டம் 17-ல் நிறுத்தியது. அப்புறம் ஏன் தோல்வி? 60 நிமிஷ ஆட்டத்தில் 41 நிமிஷத்துக்கு மேல் பந்து வந்தவர்கள் கையில்தான் இருந்தது. அவர்கள் நாலு கஜம், ஐந்து கஜம் என்று முட்டித் தள்ளிக்கொண்டே போக, ஏ அண்ட் எம் பந்தை வாங்குவதும் உடனே திருப்பிக் கொடுப்பதுமாக இருந்தது. அந்தப் பருவம் முழுக்க இதே கதை. கத்துக்குட்டி அணியான மாசசூசெட்ஸுக்கு எதிராகக்கூட 20 புள்ளிதான் வந்தது. காயம், ஃபார்ம் என்று ஒரே பருவத்தில் மூன்று குவார்ட்டர்பேக்குகள் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார்கள். தாக்குதலை வடிவமைத்தவரும் மைதானத்தில் ஒவ்வொரு நகர்வையும் முடிவு செய்தவரும் தலைமைக் கோச் ஜிம்போ ஃபிஷர். ஃபுளோரிடா ஸ்டேட்டில் 2013 பருவத்தில் சாம்பியன் ஆனாரே, அதே மனிதர். அந்த முறையில் குவார்ட்டர்பேக் தலையில் ஏறும் சுமை மிக அதிகம், அன்று அவரிடம் ஜேமிஸ் வின்ஸ்டன் இருந்தார், நடந்தது. வின்ஸ்டன் இல்லாத ஊரில் அதே பாடத்தை அதே புத்தகத்திலிருந்து நடத்திக்கொண்டிருந்தார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

சரி, 2024-ல் பழுக்க வேண்டிய பையன்கள் என்ன ஆனார்கள்? ஃபிஷரை 2023 நவம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள், பையன்களில் பலர் வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பிவிட்டார்கள். அந்த பேட்ச்சின் பெரிய பெயரான வால்டர் நோலன் மிசிசிப்பிக்குப் போய் (ஓல் மிஸ் என்பார்களே, அங்கே) ஆல்-அமெரிக்கன் (அந்த வருஷத்தின் தேசியக் கனவு அணியில் ஒருவர்) ஆனார், தொழில்முறை லீகான என்எஃப்எல் கல்லூரி ஆட்களை வரிசையாகப் பொறுக்கும் 2025 டிராஃப்டில் 16-வதாகப் போனார். ஏ அண்ட் எம்மிலேயே தங்கிய ஷெமார் ஸ்டூவர்ட் 17-வது. மூன்று வருஷத்தில் எதிரணி குவார்ட்டர்பேக்கை அவர் மடக்கிய கணக்கு மொத்தம் நாலரை சாக், ஒரு நல்ல ஆட்டக்காரர் அரைப் பருவத்தில் எடுத்துவிடுவார். அப்படியும் தொழில்முறை அணிக்காரன் அவரை முதல் சுற்றிலேயே தூக்கிக்கொண்டு போனான் என்றால், உடம்பும் வேகமும் நிஜம். நட்சத்திரம் கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கல்லூரி மூன்று வருஷம் என்ன சொல்லிக்கொடுத்தது என்பதே கேள்வி. 18-வதாகப் போனவர் யார் தெரியுமா? வட டகோட்டா ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவுக் கல்லூரியின் லைன்மேன் (முன்வரிசையில் நின்று முட்டுபவர்) கிரே ஸேபல்.

கே: இந்த நட்சத்திரத்தை யார் கொடுக்கிறார்கள்? எதை வைத்து? (ஒரு வாசகி, மதுரை)

ப: 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈஎஸ்பிஎன் என்று சில நிறுவனங்கள். பள்ளி ஆட்டங்களின் வீடியோ, முகாம்களில் ஓடவிட்டு எடுத்த நேரம், உயரம், எடை, எந்தப் பெரிய கல்லூரிகள் ஏற்கெனவே கூப்பிட்டிருக்கின்றன என்பது, எல்லாம் சேர்த்துப் போடுவார்கள். ஐந்து நட்சத்திரம் என்றால் நாடு முழுக்க ஒரு வருஷத்துக்கு முப்பது பேர் அளவுக்குத்தான். நாலு நட்சத்திரம் சில நூறு பேர். மீதி ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று, இரண்டு, அல்லது ஒன்றுமே இல்லை.

இதைச் சுத்த ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஒரு பழைய கணக்கு இருக்கிறது: சாம்பியன் ஆக வேண்டுமானால் முந்தைய நாலு பேட்ச்சில் குறைந்தது பாதிப் பேராவது நாலு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருக்க வேண்டும் என்று. அலபாமா, ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட், கிளெம்சன், எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்), மிச்சிகன் எல்லோரும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான், ரொம்ப வருஷம் இந்தக் கணக்கு தப்பவே இல்லை. ஆனால் கோட்டைத் தாண்டியவர்களில் ஒருவர்தான் ஜெயிப்பார். ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினைந்து அணிகள் தாண்டுகின்றன, பிரச்சினை அங்கேதான். தேர்வெழுதத் தகுதி கிடைத்ததையே பாஸானதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

கே: நீங்கள் பூசி மெழுகுகிறீர்கள். பெரிய கான்ஃபரன்ஸில் எல்லோருமே நல்ல பேட்ச் பிடித்தால் யாராவது தோற்றுத்தானே ஆக வேண்டும்? (ஒரு வாசகர், ஆஸ்டின்)

ப: உண்மை. ஏ அண்ட் எம் இருக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பெரிய கல்லூரிகளின் கூட்டம்) இப்போது 16 அணிகள், 2024-ல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த பிறகு. ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்க வேண்டும், கூட்டினால் கணக்கு மாறாது. நாட்டில் 8-வது இடம் பிடித்த பேட்ச் அந்தக் கூட்டத்துக்குள் நடு வரிசையாக இருக்கலாம், அதனால் தேசியத் தரவரிசையைப் பார்க்காமல் உங்கள் அட்டவணையில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் சார், அப்பலாச்சியன் ஸ்டேட் எஸ்இசி இல்லை, கேன்சஸும் இல்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேன்சஸ் ஞாபகம் இருக்கும், கீழே வருகிறேன்.

கே: எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. 22 பேரில் ஒன்றிரண்டு இடம் சரியில்லை என்றால் முழு அணியும் கவிழுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

ப: கவிழும். அந்த ஒன்றிரண்டு எது என்பதைப் பொறுத்தது.

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர். அவருக்கு அந்த மூன்று நொடியைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து பேர், ஆஃபென்சிவ் லைன். 140 கிலோ ஆசாமிகள், டிவியில் யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். இந்த ஆறு பேர் சரியில்லை என்றால் ஓரத்தில் ஓடுகிற ஐந்து நட்சத்திர ரிசீவர் வேகமாக ஓடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். அவ்வளவுதான்.

இதில் கொடுமை, நட்சத்திரக் கணிப்பு அதிகமாகச் சறுக்குவதும் இந்த இரண்டு இடத்தில்தான். ரிசீவர், அவரைத் துரத்தித் தடுக்கும் கார்னர்பேக் மாதிரி இடங்களுக்கு வேகம் பாதி, வேகத்தை 17 வயசில் அளந்துவிடலாம். குவார்ட்டர்பேக்கின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை எந்த முகாமில் அளப்பது? லைன்மேன் கதை இன்னும் மோசம். பள்ளியில் 110 கிலோவில் ஒல்லியாக நின்றவன் கல்லூரியில் இரண்டு வருஷம் தின்று, எடை தூக்கி, கால் வைக்கும் முறையை மறுபடி கற்று, மூன்றாம் வருஷத்தில்தான் ஆளாவான். பள்ளியில் எல்லோரையும்விடப் பெரியவனாக இருந்ததாலேயே நசுக்கிக்கொண்டிருந்தவன், கல்லூரிக்கு வந்து தன் அளவு ஆட்களைப் பார்த்ததும் நின்றுவிடுவான். தரவரிசையைத் தூக்கிக் காட்ட விரும்பும் கோச்சுக்கு ரிசீவர்களைப் பிடிப்பது சுலபம், கூட்டமும் கை தட்டும். ஐந்து வளர்த்தியற்ற லைன்மேன்களைப் பிடித்து மூன்று வருஷம் காத்திருக்கிற கோச்சுக்கு அந்த மூன்று வருஷம் வேலை இருக்க வேண்டுமே.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தைப் (ஏ அண்ட் எம் இல்லை, ஆஸ்டினில் உள்ளது) பாருங்கள், இதற்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. 2009 பருவத்தில் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அடுத்த வருஷமே 5 வெற்றி, 7 தோல்வி. மேக் பிரவுன் கோச், ஆள் பிடிப்பதில் மன்னன். பையன்கள் பள்ளியின் கடைசி வருஷத்துக்கு முன்பே, பிப்ரவரியில் ஜூனியர் டே என்று கூப்பிட்டு, ஒரு வருஷம் முன்னதாகவே பேட்ச்சில் பெரும்பகுதியை நிரப்பிவிடுவார். எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். ஆனால் 16 வயசு வீடியோவைப் பார்த்து எடுத்தால் தாமதமாக வளர்கிறவன் எல்லாம் கைவிட்டுப் போவான், எடுத்தவனும் இடம் உறுதி என்று சும்மா இருந்துவிடுவான். ராபர்ட் கிரிஃபினும் ஜானி மேன்ஸியலும் டெக்சஸ் மாநிலத்துப் பள்ளிகளில் ஆடியவர்கள். இருவரையும் ஆஸ்டின் குவார்ட்டர்பேக்காகக் கொண்டுவரவில்லை. கிரிஃபின் பேலருக்குப் போய் 2011-லும், மேன்ஸியல் ஏ அண்ட் எம்முக்குப் போய் 2012-லும் ஹைஸ்மன் கோப்பை வாங்கினார்கள், கல்லூரி ஆட்டத்தில் அதற்கு மேல் விருது இல்லை. இரண்டு எதிரிகள் வீட்டிலும் விளக்கேற்றி வைத்த மாதிரி.

2014 என்எஃப்எல் டிராஃப்டில் டெக்சஸிலிருந்து ஒரே ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. 1937-க்குப் பிறகு முதல்முறை. நாட்டின் முதல் ஐந்துக்குள் வந்த பேட்ச்சுகளில் இருந்து பூஜ்யம்! அப்புறம் சார்லி ஸ்ட்ராங் வந்தார், மூன்று வருஷம், 16 வெற்றி 21 தோல்வி. டாம் ஹெர்மன் வந்தார், பரவாயில்லை ரகம். ஒவ்வொருவரும் வரும்போது ஆட்ட முறை மாறும், முந்தையவர் அந்த முறைக்காக எடுத்த பையன் இந்த முறையில் இடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பான். 2021-ல் ஸ்டீவ் சர்கீசியன் முதல் வருஷம், அதுவும் 5-7, அந்த ஏழில் ஒன்று சொந்த மைதானத்தில் கேன்சஸிடம் 57-56. அதுவரை அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்த கேன்சஸ்! வெற்றிப் புள்ளிக்கான பந்தைப் பிடித்தவர் ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் தானாக வந்து சேர்ந்த வாக்-ஆன் பையன்.

இதற்குப் பிறகு சர்கீசியன் செய்தது எனக்குப் பிடித்த பகுதி. அடுத்த பேட்ச்சில் ஏழு ஆஃபென்சிவ் லைன்மேன்களை எடுத்தார். ஒரே பேட்ச்சில் ஏழு. உடனே ஒன்றும் நடக்கவில்லை, 2022-ல் 8-5. மூன்றாம் வருஷம் 12-2. நாலாம் வருஷம் 13-3, மறுபடி, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் அரையிறுதி. அந்த ஏழில் ஒருவரான கெல்வின் பேங்க்ஸ் 2025 டிராஃப்டில் 9-வதாகப் போனார், அந்த வருஷம் டெக்சஸிலிருந்து 12 பேர். 2014-ல் பூஜ்யம், 2025-ல் 12. பையன்கள் வந்த பள்ளிகளும் மைதானமும் ஆரஞ்சுச் சட்டையும் அதேதான்.

ஆனாலும் 2025-ல் முதல் ஆட்டத்துக்கு முன்பே தரவரிசையில் நம்பர் ஒன் என்று தூக்கி வைத்தார்கள், புதுக் குவார்ட்டர்பேக், புது லைன், ஒஹையோ ஸ்டேட்டில் போய் 14-7 தோல்வி, கடைசியில் பிளேஆஃபுக்கே போகவில்லை. லைன் போனால் மறுபடி முதலிலிருந்து.

கே: நம்பர் ஒன் என்று தொடங்கி மண்ணைக் கவ்விய அணிகளிலேயே மோசமானது எது? (ஒரு வாசகர், சிங்கப்பூர்)

ப: 2012 யுஎஸ்சி, லாஸ் ஏஞ்சலஸ். முதலிடத்தில் தொடங்கி 7-6, முடிவில் பட்டியலிலேயே இல்லை. 1964-க்குப் பிறகு அப்படி யாரும் விழவில்லை. ஆனால் இவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு, ஏனென்றால் ரெஜ்ஜி புஷ் என்ற ஆட்டக்காரர் விதிக்கு மாறாகச் சலுகைகள் வாங்கிய விவகாரத்தில், கல்லூரி விளையாட்டை மேற்பார்க்கும் என்சிஏஏ தண்டனையாக மூன்று வருஷத்தில் 30 ஸ்காலர்ஷிப்பைப் பிடுங்கியிருந்தது. மற்றவர்களுக்கு 85 பேர், இவர்களுக்கு 75. முதல் வரிசை ஜொலிக்கும், ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்னால் ஆள் இருக்காது. நவம்பரில் குவார்ட்டர்பேக் மேட் பார்க்லி தோள்பட்டையில் அடிபட்டார், கதை முடிந்தது. கோச் லேன் கிஃபினை அடுத்த வருஷம் ஒரு தோல்விக்குப் பிறகு, விடியற்காலையில், அணி விமானம் இறங்கிய கையோடு விமான நிலையத்திலேயே வேலையை விட்டு எடுத்தார்கள். மறுநாள் ஆபீஸுக்கு வரச் சொல்லிச் சொல்லியிருக்கலாம்.

கே: இது நம்ம ஆர்சிபி கதைதானே? (ஒரு வாசகர், ஓசூர்)

ப: பெரிய பெயர், வெறும் அலமாரி என்ற வகையில் சரி. அவர்களுக்கும் 2025-ல் கோப்பை வந்துவிட்டது, விடுங்கள். ஆனால் அங்கே ஏலத்தில் எடுப்பது வளர்ந்த ஆட்டக்காரரை. இங்கே எடுப்பது பிளஸ் டூ பையனை.

கே: கோச்சுதான் காரணம் என்றால் ஏன் இவ்வளவு பணம் கொட்டுகிறார்கள்? ஃபிஷருக்குப் போகச் சொல்லியே பணம் கொடுத்தார்களாமே? (ஒரு வாசகி, நியூ ஜெர்ஸி)

ப: கொடுத்தார்கள், ஏழரைக் கோடி டாலருக்கும் மேல். ஆட்டம் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்கு! அவரை ஃபுளோரிடா ஸ்டேட்டிலிருந்து கூட்டி வந்தபோது போட்ட ஒப்பந்தமே பத்து வருஷம், ஏழரைக் கோடி. 2020-ல் 9 வெற்றி 1 தோல்வி என்று ஒரு நல்ல வருஷம், கொரோனா வருஷம், உடனே 2031 வரை நீட்டித்து விட்டார்கள். வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரை முதலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஏன் கொட்டுகிறார்கள் என்பதற்கு என் பதில் இது. தலைமைக் கோச் வேலையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று விற்பனை: பையனின் அம்மாவை, மாமாவை, பள்ளிக் கோச்சைப் பார்த்துப் பேசிச் சம்மதிக்க வைப்பது. இன்னொன்று வாத்தியார் வேலை. விற்பனைக்கு வருஷா வருஷம் ரிசல்ட் வருகிறது, தேதி போட்டு, தரவரிசையோடு, டிவியில். வாத்தியார் வேலைக்கு ரிசல்ட் வர மூன்று வருஷம் ஆகும், அதற்குள் பழைய மாணவர் சங்கத்து எண்ணெய்ப் பணக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும், அல்லது பேட்ச் நன்றாக இருப்பதைப் பார்த்து மயங்கி ஒப்பந்தத்தை நீட்டித்துவிடுவார்கள். இரண்டுமே தப்பு. எல்எஸ்யூ பிரையன் கெல்லிக்கு 9 கோடி டாலருக்கு மேல் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டது, நாலாவது பருவத்தின் நடுவில், 2025 அக்டோபரில், சொந்த மைதானத்தில் ஏ அண்ட் எம்மிடம் 49-25 என்று வாங்கியதும் அனுப்பியது. அதே மாதம் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பியது. இரண்டாம் இடத்தில் பருவத்தைத் தொடங்கிய அணி, அதுவரை ஒரு ஆட்டமும் ஜெயிக்காத யுசிஎல்ஏவிடம் தோற்று, அடுத்த வாரம் சொந்த ஊரில் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்றால் என்ன செய்வார்கள்?

அன்று எல்எஸ்யூவை அடித்த ஏ அண்ட் எம்மின் கோச் யார் என்று கேளுங்கள். மைக் எல்கோ. ஃபிஷரிடமே தடுப்பாட்டக் கோச்சாக இருந்தவர், டியூக் பல்கலைக்கழகம் போய்த் தலைமைக் கோச்சாக இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். பேச்சில் கவர்ச்சி ஒன்றும் கிடையாது. 2025-ல் முதல் 11 ஆட்டத்தையும் ஜெயித்தார்.

கே: நட்சத்திரம் குறைவாக இருந்தும் ஜெயித்தவர்கள் உண்டா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

ப: பழைய உதாரணம் பாய்ஸி ஸ்டேட், 2007 ஜனவரி முதல் தேதி ஓக்லஹோமாவை 43-42 என்று சாய்த்தது. டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன்) 2021-ல் 5-7, புதுக் கோச் வந்து 2022-ல் இறுதி ஆட்டம் வரை போனது, அங்கே ஜார்ஜியா 65-7 என்று துவைத்துக் காயப்போட்டது. இப்படிக் கடைசியில் நட்சத்திரக்காரர்களே ஜெயிப்பார்கள் என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருப்பேன், இண்டியானா வராமல் இருந்திருந்தால்.

இண்டியானா கூடைப்பந்து ஊர். ஃபுட்பாலில் நாட்டிலேயே அதிகத் தோல்வி கண்ட அணிகளில் ஒன்று. 2023-ல் 3-9. கர்ட் சிக்னெட்டி என்பவர் ஜேம்ஸ் மேடிசன் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தார், 60 வயசைத் தாண்டியவர், தன்னோடு அங்கே ஆடிய பத்துப் பன்னிரண்டு பையன்களையும் கூட்டி வந்தார். முதல் வருஷம் 11-2. இரண்டாம் வருஷம், 2025 பருவம், 16-0, மியாமியை 27-21 என்று ஜெயித்துச் சாம்பியன். மேலே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்கு அன்றோடு உடைந்தது. குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பள்ளி முடிக்கும்போது ஏல் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தவர், படிப்புக்குப் பெயர்போன ஏல், அவரைப் பெரிய அணிகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு இண்டியானா வந்து ஹைஸ்மன் வாங்கினார். சிக்னெட்டி எடுத்த ஆட்கள் பெரும்பாலும் 21, 22, 23 வயசுக்காரர்கள், கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று வருஷம் நின்று காட்டியவர்கள். முகாமில் ஓடிய நேரத்தை விட்டுவிட்டு நிஜ ஆட்டத்தில் செய்ததைப் பார்த்து எடுத்தார், அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் ஒன்று, ஜார்ஜியாவையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்வேன். 2021 சாம்பியன் அணியிலிருந்து 15 பேர் என்எஃப்எல் டிராஃப்டில் போனார்கள், ஏழு சுற்று டிராஃப்டில் அதுவரை எந்தக் கல்லூரிக்கும் இல்லாத எண்ணிக்கை, நட்சத்திரங்களின் திருவிழா. அந்த அணிக்குக் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பெனட், வாக்-ஆனாக வந்து, இடம் கிடைக்காமல் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய், திரும்பி வந்தவர். பக்கத்திலேயே அவரைவிட நட்சத்திரம் அதிகமான ஆட்கள் இருந்தும் கோச் கர்பி ஸ்மார்ட் அவரையே ஆடவிட்டார், இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை. தான் பிடித்துவந்த விலை உயர்ந்த பையனை உட்கார வைக்கிற தைரியம் எல்லாக் கோச்சுக்கும் வராது, வந்தால் ரெக்ரூட்டிங்கில் தான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமே.

கே: இப்போதுதான் பையன்களுக்குச் சம்பளமே கொடுக்கிறார்களே, இனி எல்லாம் மாறிவிடாதா? (ஒரு வாசகர், சியாட்டில்)

ப: மாறிக்கொண்டிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரை, முகத்தை விளம்பரத்துக்கு விற்கலாம். அதே வருஷத்திலிருந்து ஒரு வருஷம் உட்காராமல் கல்லூரி மாறலாம். 2025-ல் கோர்ட் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரியே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை, 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய் 105 பேர் என்ற வரம்பு வந்துவிட்டது.

பையன்களுக்குப் பணம் வருவதில் எனக்கு முழு சந்தோஷம், அவர்கள் உடம்பை வைத்துத்தானே இத்தனை காலம் எல்லோரும் சம்பாதித்தார்கள். ஆனால் பெரிய பேட்ச் பிடித்துவிட்டு வளர்க்காமல் விடுகிற கோச்சுக்கு முன்பெல்லாம் மூன்றாம் வருஷத்திலாவது அந்தப் பையன்கள் தானாகவே முதிர்ந்து கை கொடுப்பார்கள். இப்போது இரண்டாம் வருஷப் பருவம் முடிந்ததுமே வேறு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள், 2022 ஏ அண்ட் எம் பேட்ச் அதற்கு முதல் பெரிய சாட்சி. பிடிப்பதற்குச் செலவு, தக்கவைக்க மறுபடி செலவு. ஆக, பள்ளிப் பேட்ச்சின் தரவரிசை முன்னைவிடக் குறைவாகத்தான் எதிர்காலத்தைச் சொல்லும். பையன்கள் கையெழுத்துப் போடும் நாளின் டிவி நிகழ்ச்சி மட்டும் குறையாது.

கே: டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு, ஆறடி மூன்று அங்குலம், பள்ளி அணியில் லைனில் ஆடுகிறான். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. நட்சத்திரம் இரண்டுதான் கிடைக்கும் என்கிறார்கள். கல்லூரிக் கோச்சுகள் வந்தால் என்ன கேட்பது? (ஒரு தாய்)

ப: முதலில் இரண்டு நட்சத்திரத்துக்கு வருத்தப்படாதீர்கள், லைன்மேனுக்கு அது இப்போதைக்கு ஒரு அர்த்தமும் இல்லாத எண். பத்தாம் வகுப்பில் இந்த உயரம் என்றால் உடம்பு இன்னும் வரவே இல்லை. ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரக்காரர், விஸ்கான்சினில் வாக்-ஆனாகச் சேர்ந்தவர், பிறகு என்எஃப்எல்லில் மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர்.

வீட்டுக்கு வருகிற தலைமைக் கோச் நன்றாகப் பேசுவார், அதற்குத்தான் சம்பளம், காபி கொடுத்து அனுப்புங்கள். அவரிடம் கேட்க வேண்டியது லைன் கோச்சைப் பற்றி. யார் அவர், இந்தக் கல்லூரியில் எத்தனை வருஷமாக இருக்கிறார், இதற்கு முன் எங்கே இருந்தார், அவரிடம் மூன்று வருஷத்துக்கு முன் சேர்ந்த லைன்மேன்கள் ஒவ்வொருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள்? பெயர் பெயராகக் கேளுங்கள். பாதிப் பேர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தால் ஏன் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில். முடிந்தால் அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற, இன்னும் ஆட இடம் கிடைக்காத ஒரு பையனிடம் உங்கள் மகனைத் தனியாகப் பேசவிடுங்கள், கோச் பக்கத்தில் இல்லாமல். நட்சத்திர ஆட்டக்காரனிடம் பேசினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கோச் நாளைக்கே வேறு ஊருக்குப் போய்விட்டால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் ஏதாவது பேசினால் ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், ஆட்டமே இல்லாமல் போனாலும் அங்கே படிக்க விரும்பும் பாடம் இருக்கிறதா என்று பையனிடமே கேளுங்கள், அவனுக்கு முழங்கால் இரண்டுதான் இருக்கிறது.